ஊசியை மாற்றினால் பாட்டு மாறுமா?

உடுமலைப்பேட்டையின் பெயரைத் தமிழ்ப் படங்களின் டைட்டில் கார்டில் ஏற்றியவர் நாராயணகவி. பக்கத்துப் பூளவாடியில் 1899-இல் பிறந்தவர். நாடகத்தில் வளர்ந்து, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்காக ‘நல்லதம்பி’யில் கிந்தனார் காலட்சேபம் எழுதி, ‘வேலைக்காரி’ (1949), ‘பராசக்தி’ (1952), ‘ரத்தக்கண்ணீர்’ (1954) என்று வரிசையாகப் பாட்டுக் கொடுத்தவர். ஊருக்குள் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் அவர் பாட்டு அந்தக் காலத்து வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் கல்யாணப் பந்தல்களுக்கும் போய்ச் சேர்ந்தது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் கறுப்புத் தட்டுகளில்.

அந்தத் தட்டுகளில் ஒன்றை இன்றைக்குப் போட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “தட்டு தேஞ்சு போச்சுங்க, ஒரே கரகரப்பு.” தட்டு தேய்ந்திருக்கலாம். ஆனால் அப்படித் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் எந்த ஊசியை வைத்துக் கேட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் ஆளுயரத்துக்கு நின்றாலும் தட்டைத் தொடுவது ஒரே ஒரு பொருள்தான். அதன் முனை தவறான அளவில் இருந்தால் மற்ற எல்லாமும் சேர்ந்து அந்தத் தவறைச் சத்தமாகச் சொல்லும், அவ்வளவே.

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு லேபிள் வரை வருகிறது. எல்.பி. தட்டில் இதன் மேல் அகலம் சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இரண்டு சுவர்கள் 90 பாகைக் கோணத்தில் அடியில் சந்திக்கின்றன. ஸ்டீரியோ தட்டில் உள்சுவரில் இடப்பக்க ஒலி, வெளிச்சுவரில் வலப்பக்க ஒலி. ஊசி பள்ளத்தின் அடியைத் தொடுகிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. அடியைத் தொடாமல், இரண்டு சுவர்களிலும் ஆளுக்கொரு புள்ளியில் சாய்ந்தபடி அது நிற்கிறது. அந்த ஒவ்வொரு புள்ளியின் பரப்பும் முப்பது சதுர மைக்ரான் அளவுக்குத்தான் வரும். ஊசியின் மேல் நாம் வைக்கும் எடை ஒன்றரை கிராம் என்றாலும், அந்தச் சின்னப் பரப்பில் அது மூவாயிரம் வளிமண்டல அழுத்தமாகிவிடுகிறது. பிளாஸ்டிக் அந்த இடத்தில் கண நேரம் அமுங்கி, ஊசி கடந்ததும் மீண்டும் எழுகிறது.

சுவர் வளைந்து வளைந்து போகப் போக ஊசி முனை ஆடுகிறது. முனையைத் தாங்கியிருக்கும் மெல்லிய அலுமினியத் தண்டுக்கு கான்டிலீவர் என்று பெயர். அதன் மறுமுனையில் ஒரு குட்டிக் காந்தம். காந்தம் ஆட, பக்கத்திலுள்ள கம்பிச் சுருள்களில் சுமார் 5 மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கிறது. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் என்பது இதுதான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘ஊசியை மாற்றுவது’ என்று சொல்லி நாம் பிடுங்கி எடுக்கும் பிளாஸ்டிக் துண்டில் வைர முனை மட்டும் வருவதில்லை. கான்டிலீவர், அது ஆடுவதற்கான ரப்பர், காந்தம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. உடலில் மிஞ்சுவது கம்பிச் சுருளும் நான்கு பின்களும்தான். அசையும் பாகம் முழுவதும் கையோடு வந்துவிடுகிறது. அதனால்தான் ஊசியை மாற்றினால் இவ்வளவு வித்தியாசம் கேட்கிறது. சுருளே அசையும் மூவிங் காயில் வகையில் இந்த வசதி கிடையாது. அதைத் திரும்ப முனை கட்டித் தரும் நிபுணரிடம்தான் அனுப்ப வேண்டும்.

78 தட்டுகளின் காலத்தில் ஊசியை மேம்படுத்துவது என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது ஊசி. எச்.எம்.வி. நாய் படம் போட்ட தகர டப்பாவில் 200 எஃகு ஊசிகள் வரும். ஒரு பக்கம் ஓடி முடித்ததும் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைத் திருக வேண்டும். கஞ்சத்தனம் பண்ணி அதே ஊசியில் நாலு பாட்டுக் கேட்ட வீடுகளின் தட்டுகளை இன்றைக்கும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், பள்ளம் சாம்பல் பூத்திருக்கும்.

எஃகு ஏன் மூன்றே நிமிடத்தில் தேய்கிறது? தட்டு அப்படித் தயாரிக்கப்பட்டது. சோட்டா நாக்பூர் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைக்கும் பிசினிலிருந்து செல்லாக் எடுக்கிறார்கள். உலகத்து கிராமபோன் தட்டுகளுக்கான செல்லாக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்துதான் போயிற்று. அந்தச் செல்லாக்கோடு பலகைக்கல் தூள், சுண்ணாம்புக்கல் தூள் போன்றவற்றை நிறையக் கலந்து தட்டு வார்த்தார்கள். முதல் சில சுற்றுகளிலேயே அந்தக் கல்தூள் எஃகு முனையை அரைத்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். கல்கத்தா டம்டம் ஆலையில் வார்த்த தட்டானாலும், சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாகத் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட ஓடியன் தட்டானாலும் தத்துவம் ஒன்றுதான்: ஊசியைத் தீட்டுவது தட்டின் பொறுப்பு.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி. தட்டை வெளியிட்டபோது இந்தப் பொறுப்பு கைமாறியது. எல்.பி. வார்க்கும் வினைல் மென்மையானது, கல்தூள் கிடையாது. ஊசி தானாகத் தீட்டப்படாது. சரியான வடிவத்தோடு ஆலையிலிருந்தே வர வேண்டும். முதலில் நீலக்கல் முனை, பிறகு வைரம். நீலக்கல் சில பத்து மணி நேரம் உழைக்கும். வைரம் 500 முதல் 1,000 மணி நேரம். வடிவத்தைப் பற்றிய கவலை அன்றைக்குத் தொடங்கியது.

அது எப்படிப்பட்ட கவலை என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான்.

12 அங்குல எல்.பி. தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. லேபிளுக்கு அருகே வரும்போது சுற்று சிறுத்துவிடுவதால், அதே 33⅓ சுற்றில் வேகம் 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. இப்போது 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘ஸ’, ‘ஷ’ உச்சரிப்பின் சீறலும், ஜால்ராவின் மினுமினுப்பும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. வினாடிக்குப் பத்தாயிரம் அலைகள். வெளி விளிம்பில் ஒரு அலைக்கு 51 மைக்ரான் இடம் கிடைக்கிறது. உள்ளே வந்தால் 21 மைக்ரான்தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. சாதாரண அளவுச் சத்தத்தில், அதாவது பக்கவாட்டு வேகம் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்வட்டத்தில் அந்த அலையின் வளைவு ஆரம் சுமார் 14 மைக்ரான் என்று வருகிறது.

வழக்கமான உருண்டை முனை ஊசியின் ஆரம் 18 மைக்ரான்.

பதினெட்டு, பதினான்குக்குள் போகாது. முனை வளைவின் அடிவரைக்கும் இறங்காமல் மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு தாண்டிவிடும். தாண்டிய இடத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அதற்குத் தெரியாது. ஒரு பகுதி ஒலி காணாமல் போகும். அதைவிட மோசமாக, இல்லாத ஒலி ஒன்று முளைக்கும். எல்.பி.யின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் பாடகியின் சகரம் எச்சில் தெறிப்பதாகக் கேட்கிறதே, அதற்குப் பாடகியும் காரணமல்ல, ரிக்கார்டிங் இன்ஜினீயரும் காரணமல்ல. தட்டு வெட்டிய கருவியின் முனை உளி மாதிரி கூர்விளிம்பு கொண்டது. படிக்கிற முனையோ உருண்டை. எழுதிய கருவியும் படிக்கிற கருவியும் ஒரே வடிவத்தில் இல்லாததால் வரும் பிழை இது.

பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கூர்முனை ஊசியைப் போட்டுப் பின்னல் துணியைத் தைத்தால் நூல் அறுந்து ஓட்டை விழும் என்று பால் பாயின்ட் ஊசி கேட்டு வாங்குகிறவர்கள் அவர்கள். துணிக்கு ஏற்ற முனை என்பது அங்கே தினசரி நடைமுறை.

படிக்கும் முனையை எழுதும் உளிக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதுதான் அறுபதுகளிலிருந்து ஊசி மேம்பாட்டின் முழுக் கதை. முதலில் நீள்வட்ட முனை வந்தது. பள்ளத்தின் குறுக்கே 18 மைக்ரான் ஆரம். ஆனால் சுவரைத் தொடும் பக்க விளிம்பில் 8 மைக்ரான்தான். நம் கணக்கில் வந்த 14 மைக்ரான் வளைவுக்குள் இது தாராளமாக இறங்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனத்துப் பொறியாளர் நோரியோ ஷிபாட்டா இன்னொரு வடிவம் செய்தார். அவருடைய பிரச்சினை வேறு. நான்கு ஸ்பீக்கருக்கான சிடி-4 என்ற தட்டுகளில் காதுக்கே எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் மேல் கூடுதல் ஒலியை ஏற்றியிருந்தார்கள். அதைப் படிக்க, சுவரை ஒரு புள்ளியில் தொடாமல் மேலிருந்து கீழாக ஒரு கோடாகத் தொடும் முனை தேவைப்பட்டது. சிடி-4 சந்தையில் படுத்துவிட்டது. ஷிபாட்டா முனை மட்டும் பிழைத்துக்கொண்டது, இன்றும் விற்கிறார்கள். கோடாகத் தொடுவதில் ஒரு உபரி லாபமும் உண்டு. அழுத்தம் நீளவாக்கில் பரவிவிடுவதால் தட்டும் குறைவாகத் தேயும், ஊசியும் கூடுதல் காலம் உழைக்கும்.

இதெல்லாம் வாங்குகிறவருக்கு எப்படிப் பயன்படும்? ஆடியோ டெக்னிகா நிறுவனத்தின் வி.எம்.95 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒன்றே, அதில் மாட்டும் ஊசிகள் ஆறு. உருண்டை முனை, நீள்வட்டம், நீள்வட்டத்திலேயே முழு வைரம், மைக்ரோலீனியர், ஷிபாட்டா, கடைசியாக 78 தட்டுக்கென்றே தடித்த முனை ஒன்று. மைக்ரோலீனியரின் தொடு விளிம்பு 3 மைக்ரான்தான். ஆர்ட்டோஃபானின் 2எம் வரிசையிலும் இந்த வசதி உண்டு: ரெட் வைத்திருப்பவர் ப்ளூ ஊசியை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் பிளாக் ஊசி வேண்டுமென்றால் உடலும் வேறு. வாங்கும் முன் இந்தப் பொருத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘முழு வைரம்’ என்றேனே, அதற்கும் காரணம் இருக்கிறது. மலிவு ஊசிகளில் ஒரு உலோகக் குச்சியின் நுனியில் வைரத் துணுக்கை ஒட்டியிருப்பார்கள். விலை கூடியவற்றில் குச்சி முழுவதுமே வைரம். எடை குறையக் குறைய முனை வேகமாகத் திரும்பும். வினாடிக்குப் பத்தாயிரம் முறை திசை மாற வேண்டிய பொருளுக்கு ஒவ்வொரு மைக்ரோகிராமும் சுமைதான்.

என் கருத்தைக் கேட்டால், உருண்டையிலிருந்து நல்ல நீள்வட்டத்துக்குப் போகும் முதல் படியில்தான் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் கிடைக்கிறது. மைக்ரோலீனியர் அடுத்த நியாயமான படி. அதற்கு மேல் ஏறுவது ஆசை. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி வடிவ மலிவு பிளேயரை வைத்துக்கொண்டு ஷிபாட்டா ஊசி விசாரிப்பதில் அர்த்தமே இல்லை. அவற்றில் இருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். 5 கிராம் அளவுக்கு அழுத்தும். எடையை மாற்றத் திருகும் இருக்காது. எச்.எம்.வி. ஃபியெஸ்டா பிளேயர்களின் காலத்திலும் இதே செராமிக், கிரிஸ்டல் வகைதான். அங்கே செய்யக்கூடியது, அதே வகையில் புது ஊசி போடுவது மட்டுமே. மூவிங் மேக்னட்டுக்கு மாற வேண்டுமென்றால் பிளேயரும் மாற வேண்டும், அதன் மெல்லிய சிக்னலைத் தூக்கிவிட ஃபோனோ ஸ்டேஜும் வேண்டும்.

இனி 78 தட்டுக்கு வருவோம். அதன் பள்ளம் எல்.பி. பள்ளத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதற்கு முனை ஆரம் 75 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். ஆங்கில அளவில் 3 மில் என்பார்கள். எல்.பி. ஊசியை அதில் இறக்கினால் சுவர்களைத் தொடாமல் நேராக அடிக்குப் போய், அங்கே தங்கியிருக்கும் அரைத்தூளிலும் அழுக்கிலும் புரண்டுகொண்டு ஓடும். தொடக்கத்தில் சொன்ன கரகரப்பில் பெரும்பங்கு இதுதான். பாட்டு சுவரில் இருக்கிறது; ஊசியோ குப்பையைப் படித்துக்கொண்டிருக்கிறது. வி.எம்.95 வரிசையின் 78 ஊசி 5 கிராம் எடையில் ஓடும். வினைலுக்கு அது மிகை, கல்தூள் கலந்த செல்லாக்குக்குச் சரி.

பழைய எஃகு ஊசிகள் சுவரை ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்த்திருக்கும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ தொடும் வேறு அளவு முனையைப் போட்டால், யாரும் தொடாத சுவரில் பாட்டு புதிதாக இருக்கும். ஒலி ஆவணக் காப்பகங்களில் இரண்டு மில்லிலிருந்து நான்கு மில் வரை பல அளவு ஊசிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். தேய்ந்துபோனது என்று ஒதுக்கிய தட்டு வேறு ஊசியில் பேச ஆரம்பிக்கும்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. 78 தட்டில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. மேலும் கீழுமான அசைவு எல்லாம் இரைச்சல். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரண்டு சேனல்களையும் மோனோவாகச் சேர்த்துவிட்டால் அந்த மேல்-கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். காசு செலவில்லாத மேம்பாடு. அடுத்தது, இன்றைய ஃபோனோ ஸ்டேஜ்கள் 1954 வாக்கில் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுகோலின்படி உச்ச ஒலிகளைக் கடுமையாக வெட்டுகின்றன. அதற்கு முந்தைய தட்டுகளை வெட்டியபோது கம்பெனிக்குக் கம்பெனி வேறு அளவுகோல். அதனால் கலைவாணரின் வேகமான பேச்சுப் பாட்டில் மெய்யெழுத்துகள் மழுங்கிக் கேட்கும். கணினியில் ஏற்றி அந்த வெட்டை எதிர்த்திசையில் சரிசெய்தால் சொற்கள் தெளியும். நாராயணகவியின் பாட்டில் சொல் போய்விட்டால் பிறகு கேட்க என்ன இருக்கிறது?

இந்தியாவில் 78 தட்டுகள் மற்ற நாடுகளைவிடப் பல ஆண்டுகள் பிந்தியே ஓய்ந்தன. பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட அறுபதுகளில் இங்கே 78-ஆக அச்சிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்குக் கொடுக்கும் விலை தனிக் கதை.

புது ஊசியை மாட்டிய பிறகு எடையைத் திரும்ப அளக்க வேண்டும். பழைய ஊசி 1.75 கிராமில் ஓடியது என்பதற்காகப் புதியதும் அதிலேயே ஓட வேண்டியதில்லை. எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைத்துப் பலர் கீழ்வரம்புக்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். அது தலைகீழான கரிசனம். எடை போதாத ஊசி சத்தமான இடங்களில் சுவரைவிட்டுத் துள்ளி, திரும்ப வந்து சுவரில் மோதும். வைரம் மோதினால் வினைல் சிதையும், அந்தச் சேதம் நிரந்தரம். நிறுவனம் சொல்லும் வரம்பின் நடுவிலோ சற்று மேலேயோ வைப்பதே பாதுகாப்பு. கோணமும் முக்கியம். உருண்டை முனை எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டைதான். கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். 3 மைக்ரான் விளிம்பு பொறுக்காது. விலை கூடிய ஊசியை அரைகுறையாகப் பொருத்தினால் மலிவு ஊசியைவிட மோசமாகக் கேட்கும். வாங்கிய பிறகு ஏமாந்ததாகச் சொல்கிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

உடுமலை வட்டாரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் பூளவாடி, குடிமங்கலம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதத்தில் அந்தக் காற்று வீட்டுக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். நூற்பாலையும் பனியன் வேலையும் நடக்கும் இடங்களில் அதோடு பஞ்சுத்தூசியும் சேரும். வினைல் சுழலும்போதும் உறையிலிருந்து உருவும்போதும் நிலைமின்னேற்றம் பெற்று இந்தத் தூசியைத் தானே இழுத்துக்கொள்ளும். ஊசி போகும் வழியெல்லாம் கூட்டிச் சேர்த்துக்கொண்டு போக, முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை திரளும். முனை பள்ளத்திலிருந்து சற்றே தூக்கப்பட்டு உச்ச ஒலி மங்கும். ஊசி போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் பூதக்கண்ணாடியால் முனையைப் பாருங்கள். ஊசிக்கென்று விற்கும் சின்னப் பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால், தட்டு ஓடும் அதே திசையில், தள்ளிவிட்டால் போதும். பக்கவாட்டில் தேய்த்தால் கான்டிலீவர் முறியும்.

78 தட்டை மட்டும் ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். மர வேலைக்காரர்கள் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள். தட்டும் அதே அரக்குதான், பாட்டோடு சேர்ந்து கரையும். ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த சுத்தமான தண்ணீர், மென்துணி, லேபிள் நனையாமல் ஒரு துடைப்பு. பிறகு நிழலில் உலர்த்தல்.

தினம் ஒரு எல்.பி., நாற்பது நிமிடம் என்று கேட்பவருக்கு 1,000 மணி நேரம் நான்கு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். வைரம் தேய்ந்தால் சத்தம் நின்றுவிடாது. உருண்டையின் இரு பக்கமும் தட்டையாகி, அந்தத் தட்டையின் விளிம்பு கத்தியாகிச் சுவரைச் சீவ ஆரம்பிக்கும். காதுக்குத் தெரியும்போது தட்டுகள் பல கெட்டிருக்கும். ஆகவே ஊசி மாட்டிய தேதியை டர்ன்டேபிளுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவையுங்கள். பழைய பிளேயர் வாங்கினால், விற்பவர் “ஊசி புதுசுதாங்க” என்று எத்தனை முறை சொன்னாலும், முதல் தட்டை வைப்பதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.